கட்சி மாறும் காலம்!

(ஹௌராவிலிருந்து நமது நிருபர்)

கல்கத்தாவில் கால்பந்தாட்டம் நடக்கிற மாதங்களில் ரசிகரைத் தேடினால் மைதானத்தில் இருப்பார். ஆட்டம் நடக்காத மாதங்களில் தேடினால்? டீக்கடையில் இருப்பார்! கையில் மண் குவளை, கக்கத்தில் வங்காளப் பத்திரிகை, வாயில் ஒரே கேள்வி: "இந்த வருஷம் யார் எங்கே போகிறான்?"

ஆட்டம் என்றால் ஒன்றரை மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும். இந்தக் கேள்விக்கு முடிவு தெரிய வாரக் கணக்கில் ஆகும். ஆகவே பேச்சும் வாரக் கணக்கில் நடக்கும். சில வீடுகளில் அண்ணனும் தம்பியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடாத அளவுக்குப் போகும்.

ஆட்டக்காரர்கள் கிளப் மாறுவதற்கு வங்காளத்தில் "தல்பதல்" என்று பெயர். கட்சி மாறுதல் என்று பொருள். சட்டசபையில் ஒரு எம்.எல்.ஏ. கட்சி தாவினாலும் இதே சொல்தான். ஒரு பார்வர்டு ஆட்டக்காரர் மோகன் பகானை விட்டு ஈஸ்ட் பெங்காலுக்குப் போனாலும் இதே சொல்தான். முன்னதைக் கேட்டு வங்காளி சிரிப்பார். பின்னதைக் கேட்டு அழுவார்!

நான் ஹௌரா பக்கம் ஒரு ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. தஞ்சை ஜில்லாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. படிப்போடு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் இந்தப் பேச்சு எனக்கு விளங்கவில்லை. ஒரு மனிதர் வேறு இடத்தில் வேலைக்குப் போவதற்கு மற்றவர்கள் ஏன் இப்படித் துடிக்க வேண்டும் என்று நினைத்தேன். விளக்கியவர் எங்கள் செக்ஷனில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவரை எல்லோரும் "தாதா" என்போம். நம் சினிமாவில் வருகிற அடியாள் தாதா அல்ல. வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்.

தெருவை அடைத்த கூட்டம்

மத்திய கல்கத்தாவில் சுட்டர்கின் தெரு என்று ஒரு சிறிய தெரு இருக்கிறது. 1893-ல் தோன்றிய இந்தியக் கால்பந்து சங்கத்தின் ஆபீஸ் அங்கேதான். பெயர் இந்தியா என்றாலும் அது வங்காளக் கால்பந்தை நடத்துகிற சங்கம். சுருக்கமாக ஐ.எப்.ஏ.

இப்போது போல மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று ஒப்பந்தம் எழுதுகிற வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. ஆட்டக்காரர் வருஷா வருஷம் கிளப் மாறலாம். மாறுகிறவர் ஐ.எப்.ஏ. ஆபீசுக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். சித்திரை பிறப்பதற்கு முன்னால், மார்ச் வாக்கில், இதற்கென்று சில நாட்கள் உண்டு. அந்த நாட்களில் சுட்டர்கின் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது.

கையெழுத்து விழுகிற வரை எதுவும் நிச்சயமில்லை. இதனால்தான் கிளப் நிர்வாகிகள் ஆட்டக்காரர்களை ஒளித்து வைத்தார்கள். ஓட்டலில் வைத்தார்கள், உறவினர் வீட்டில் வைத்தார்கள், ஊரை விட்டே கூட்டிக்கொண்டு போனார்கள். குறித்த நாளில் காரில் ஏற்றி, சுற்றிலும் ஆட்களை நிறுத்தி, ஆபீஸ் வாசலில் இறக்கினார்கள். காரின் கதவு திறக்கும்போது எந்த ஆட்டக்காரரின் தலை தெரிகிறது என்று பார்க்கத்தான் அத்தனை கூட்டம்!

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஈஸ்ட் பெங்காலுக்கு இந்தக் காரியத்தில் பேர் போன இருவர் இருந்தார்கள். ஜீவன் சக்ரவர்த்தி, பல்டு தாஸ். ரசிகர்கள் "ஜீவன்-பல்டு" என்று ஒரே பெயராகச் சொல்வார்கள். ஆட்டக்காரர்களுக்கு இருந்த புகழில் பாதி இவர்களுக்கும் இருந்தது.

வங்காளப் புத்தாண்டு அன்று மைதானத்துக் கிளப்புகளில் "பார் பூஜை" நடக்கும். கோல் கம்பத்துக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, பூஜை செய்வார்கள். நம் ஊரில் ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைப்பது போலத்தான். ரசிகர்கள் குடும்பத்தோடு போவார்கள். பூஜை பார்க்க மட்டும் அல்ல. வந்தவர் யார், போனவர் யார் என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளவும்தான்.

தாதாவின் நோட்டுப் புத்தகம்

எங்கள் ஆபீசில் தல்பதல் பந்தயம் பல வருஷங்களாக நடக்கிறது. பணம் கிடையாது. தோற்றவர் செக்ஷன் முழுவதற்கும் சிங்காராவும் ரசகுல்லாவும் வாங்கித் தர வேண்டும். சிங்காரா என்றால் நம் சமோசா.

இதற்குக் கணக்கு வைத்திருந்தவர் தாதா. பழைய அட்டை போட்ட நீள நோட்டு. இடது பக்கம் ஆட்டக்காரர் பெயர், நடுவில் இப்போதைய கிளப், வலது பக்கம் ஒவ்வொருவருடைய ஊகம். ரயில்வே ரிஜிஸ்டர் போலவே கோடு போட்டு, தேதி போட்டு, தவறு நேர்ந்த இடத்தில் சிவப்பு மையால் அடித்து வைத்திருப்பார்.

மற்றவர்கள் ஊகம் சொல்கிற விதம் வேறு. "அவன் கிளப் காரியதரிசி வீட்டுக் கல்யாணத்தில் முன் வரிசையில் இருந்தான், ஆகவே போகமாட்டான்" என்பார் ஒருவர். "மூன்று நாளாகப் பயிற்சிக்கு வரவில்லை, ஆகவே போய்விட்டான்" என்பார் இன்னொருவர். "கடைசி ஆட்டத்தில் சட்டையைக் கழற்றி ரசிகர்களிடம் எறிந்தானே, அது விடைபெறுகிற அறிகுறி" என்பார் மூன்றாமவர்.

தாதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எழுதுவார். கடைசியில் தன் ஊகத்தைச் சொல்வார். பெரும்பாலும் அவருடையதே சரியாக இருக்கும். எப்படி என்று கேட்டேன்.

"தம்பி, ஆட்டக்காரனுடைய காலைப் பார்த்து ஊகம் சொல்கிறவன் ரசகுல்லா வாங்கித் தருவான். அவனுடைய வீட்டைப் பார்த்து ஊகம் சொல்கிறவன் ரசகுல்லா சாப்பிடுவான். தங்கைக்குக் கல்யாணம் வைத்திருக்கிறானா, அப்பா படுக்கையில் இருக்கிறாரா, தம்பிக்கு வேலை இல்லையா, இதையெல்லாம் விசாரி. கிளப் தெரிந்துவிடும்" என்றார்.

அன்று சிரித்துக்கொண்டேன். கல்கத்தா கால்பந்தின் கதையைக் கேட்கக் கேட்க, அவர் சொன்னது வெறும் பந்தயத் தந்திரம் அல்ல என்று தெரிந்தது.

ஒரு கிளப் பிறந்த காரணம்

ஈஸ்ட் பெங்கால் கிளப்பே ஓர் ஆட்டக்காரர் விவகாரத்தில் பிறந்ததுதான். 1920 ஜூலை 28-ந் தேதி ஜோராபகான் கிளப்புக்கும் மோகன் பகானுக்கும் ஆட்டம். ஜோராபகான் டீமில் சைலேஷ் போஸ் என்பவரைச் சேர்க்கவில்லை. கிளப்பின் உபதலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி காரணம் கேட்டார்; அவரைச் சேர்க்கச் சொல்லி வாதாடினார். பயனில்லை. கோபத்தோடு வெளியேறினார். சில நாட்களுக்குள், ஆகஸ்ட் 1-ந் தேதி, ஈஸ்ட் பெங்கால் உதயமாயிற்று. கிழக்கு வங்காளத்துக்காரர் என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்ற மனக்குறை அதன் அஸ்திவாரத்தில் இருந்தது.

பிறகு தேசப் பிரிவினை வந்தது. கிழக்கே வீடு வாசலை இழந்து வந்த லட்சக்கணக்கான மக்களுக்கு அந்தக் கிளப்பின் பெயரில் மட்டுமே ஊர் மிஞ்சியது. தாதாவின் அப்பா பாரிசாலிலிருந்து வந்தவர். "எங்கள் வீட்டில் மண்சட்டி இல்லாத நாளிலும் கிளப் உண்டு" என்பார் தாதா. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இல்சா மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்பது கல்கத்தா மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இப்படிப்பட்ட கிளப்பை விட்டு ஒருவர் எதிர்க் கிளப்புக்குப் போனால் ரசிகருக்கு எப்படி இருக்கும்?

தெற்கிலிருந்து போன ஐவர்

நம் பக்கத்தவருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1949-ல் இருந்து சில ஆண்டுகள் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஐந்து பேர் ஆடினார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தனராஜ், அகமது கான், சாலே. ஐவரும் தென்னாட்டவர்கள். அகமது கானும் தனராஜும் பெங்களூர்க்காரர்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய டீமில் இருந்தவர்கள். இந்த ஐவரைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஜோதிஷ் சந்திர குஹா என்ற நிர்வாகி. ரசிகர்கள் அவர்களைப் "பஞ்ச பாண்டவர்" என்றார்கள். 1949, 1950, 1951 மூன்று ஆண்டும் தொடர்ந்து ஐ.எப்.ஏ. ஷீல்டு அவர்களுடையதே.

எழுபதுகளில் பெங்களூர் உலகநாதன் மோகன் பகானுக்கு ஓரத்தில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினார். வங்காளி வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பெயரை எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டார்கள். பிழைக்கப் போன இடத்தில் நம்மவர் பெயர் நிலைப்பது இப்படித்தான்!

மூன்று பேர், மூன்று வழி

1962 செப்டம்பர் 4-ந் தேதி ஜகார்த்தாவில் இந்தியா தென் கொரியாவை 2-1 என்று வென்று ஆசிய விளையாட்டில் தங்கம் பெற்றது. அந்த டீமின் முன்வரிசை மூவர் சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, துளசிதாஸ் பலராம். நாட்டுக்கு ஒன்றாக ஆடிய இந்த மூவரும் கல்கத்தாவில் மூன்று வெவ்வேறு வழியில் போனார்கள்.

சுனி கோஸ்வாமி பிறந்தது கிழக்கு வங்காளத்துக் கிஷோர்கஞ்சில். நியாயமாகப் பார்த்தால் அவர் ஈஸ்ட் பெங்கால் பிள்ளை. ஆனால் சிறு வயதில் மோகன் பகானில் சேர்ந்தவர், 1968-ல் ஆட்டத்தை விடுகிறவரை அங்கேயே இருந்தார். ஈஸ்ட் பெங்கால் குஹா அவருக்கு ஒரு பியட் கார் தருவதாகச் சொல்லிக் கூப்பிட்டார் என்று கல்கத்தாவில் இன்றும் சொல்கிறார்கள். சுனி அசையவில்லை. அவருக்கு ஸ்டேட் பாங்கில் உத்தியோகம் இருந்தது.

பி.கே. பானர்ஜி மூன்று பெரிய கிளப்புகளில் எதற்குமே ஆடவில்லை! 1955-ல் ஈஸ்டர்ன் ரயில்வேயில் சேர்ந்தார். கடைசி வரை ரயில்வே சட்டைதான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவின் காப்டன் அவர். அப்படிப்பட்டவரைப் பெரிய கிளப்புகள் கூப்பிடாமலா இருக்கும்? ஆனால் வீட்டுப் பாரம் அவர் தோளில் இருந்தது. மாதம் பிறந்தால் சம்பளம் தருகிற ரயில்வேயை அவர் விடவில்லை. 1958-ல் அதே ஈஸ்டர்ன் ரயில்வே டீம் பெரிய கிளப்புகளைப் பின்னுக்குத் தள்ளிக் கல்கத்தா லீக்கை ஜெயித்தது. மூன்று பெரிய கிளப்புகள் அல்லாத இன்னொரு டீம் அந்தப் பட்டத்தைப் பெற அதன் பிறகு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் ரயில்வேக்காரர்கள் இதை ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

மூன்றாமவர் பலராம். செகந்திராபாத் பக்கத்து அம்முகூடாவில் ஏழ்மையில் வளர்ந்தவர். 1957-ல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். 1961-ல் அவர் காப்டனாக இருந்தபோது கிளப் லீக்கை ஜெயித்தது. ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் 1963-ல் பி.என்.ஆர். டீமுக்குப் போய்விட்டார். அதுவும் ரயில்வே டீம்தான். பழைய வங்காள நாகபுரி ரயில்வேயின் பெயர். உடல் நலம் கெட்டு இளம் வயதிலேயே ஆட்டம் நின்றது. கிளப் போயிற்று, ஆட்டம் போயிற்று, உத்தியோகம் இருந்தது. கங்கைக் கரையில் உத்தர்பாராவில் வாழ்ந்து 2023-ல் காலமானார்.

ஒருவர் கிளப்பிலேயே இருந்தார். ஒருவர் கிளப் பக்கமே போகவில்லை. ஒருவர் கிளப்பை விட்டு வேலையைப் பிடித்தார். இவர்களில் யார் விசுவாசி, யார் துரோகி?

இந்த மூவருக்கும் நேர் மாறானவர் ஹைதராபாத் முகமது ஹபீப். 1966-ல் கல்கத்தாவுக்கு வந்தார். உத்தியோகம் தருகிறோம் என்று வந்தவர்களை மறுத்துவிட்டார். "ஆட்டம்தான் என் வேலை" என்று இருந்தவர். அதனால் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் மாறி மாறி ஆடினார். ஆனால் ஒரு சட்டையைப் போட்டால் அந்த வருஷம் முழுவதும் அதற்காக உயிரைக் கொடுத்து ஆடுவார். அவர் போனபோது திட்டிய அதே ரசிகர்கள், திரும்பி வந்தபோது மாலை போட்டார்கள். 2023 ஆகஸ்ட் 15-ல் அவர் இறந்தபோது மூன்று கிளப்புக்காரர்களும் வருந்தினார்கள்.

காலியான கிளப்

தல்பதல் கதைகளில் பெரியது 1980-ம் ஆண்டுக் கதை. நிர்வாகத்துக்கும் ஆட்டக்காரர்களுக்கும் மனக்கசப்பு முற்றி, பத்துப் பேருக்கு மேல் ஒரே மூச்சில் ஈஸ்ட் பெங்காலை விட்டு முகமதன் ஸ்போர்ட்டிங்குக்குப் போனார்கள். ரசிகர்கள் கண்ணுக்குள் வைத்திருந்த சுரஜித் சென்குப்தாவும் போனார். ஐந்து வருஷத்துக்கு முன்னால், 1975 ஷீல்டு இறுதி ஆட்டத்தில், மோகன் பகானை 5-0 என்று தோற்கடித்த கிளப் அது. அதே கிளப்புக்கு இப்போது ஆடுவதற்கு ஆள் இல்லை.

தாதா அப்போது ரயில்வேயில் சேர்ந்த புதிது. இருபத்திரண்டு வயது. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுச் சுட்டர்கின் தெருவில் நின்றார். ஒவ்வொரு காராக வந்தது. ஒவ்வொரு பெயராக வெளியே வந்தது. "சாவு வீட்டு வாசலில் நிற்பது போல நின்றேன்" என்கிறார்.

அந்த வருஷம் டீக்கடைப் பந்தயமே வேறு. யார் எங்கே போவான் என்பது இல்லை. ஈஸ்ட் பெங்கால் எத்தனை கோலில் தோற்கும் என்பதுதான்!

அப்போது அலிகார் பல்கலைக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஈரான் நாட்டு மாணவர்களைக் கிளப் கொண்டுவந்தது. மஜீத் பாஸ்கர், ஜாம்ஷித் நசிரி, மகமூத் கபாஜி. ஹபீபும் அந்த வருஷம் ஈஸ்ட் பெங்காலில் இருந்தார். பயிற்சியாளர் அதே பி.கே. பானர்ஜி. ஒட்டுப் போட்ட சட்டை போன்ற அந்த டீம் 1980 பெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில் மோகன் பகானோடு சமமாக நின்று, கோப்பையைப் பங்கு போட்டுக்கொண்டது. மஜீதைப் போல ஓர் ஆட்டக்காரர் கல்கத்தாவுக்கு வந்ததில்லை என்று பழைய ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள். 2019-ல் கிளப்பின் நூற்றாண்டு விழாவுக்கு அவர் ஈரானிலிருந்து திரும்ப வந்தபோது, தலை நரைத்த ரசிகர்கள் விமான நிலையத்தில் நடு இரவில் காத்திருந்தார்கள்.

ஆனால் 1980 என்றால் கல்கத்தா நினைப்பது கோப்பையை அல்ல. அந்த ஆண்டு ஆகஸ்ட் 16-ந் தேதி ஈடன் கார்டனில் இரு பெரிய கிளப்புகளும் மோதின. களத்தில் முரட்டு ஆட்டம். காலரியில் கைகலப்பு, நெரிசல். பதினாறு ரசிகர்கள் மாண்டார்கள். ஆட்டம் பார்க்கப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் அவர்கள் நினைவாக ரத்ததான முகாம் நடக்கிறது. இரண்டு கிளப் ரசிகர்களும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்து ரத்தம் கொடுப்பார்கள்.

தாதா இந்த நாளைப் பற்றி மட்டும் அதிகம் பேசமாட்டார். "எங்கள் பேச்சுதான் தம்பி. டீக்கடையில் நாங்கள் பேசிப் பேசி ஏற்றிய சூடு" என்று ஒரு தடவை சொன்னார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

கிழித்த படம்

1980-ல் கிளப்பை விட்டுப் போனவர்களில் ஒருவருடைய படம் தாதாவின் அறைச் சுவரில் இருந்தது. பத்திரிகையிலிருந்து வெட்டி, கஞ்சி தடவி ஒட்டியது. கையெழுத்து விழுந்த அன்று இரவு அதைக் கிழித்து, அடுப்பில் போட்டார். அம்மா மட்டும், "அந்தப் பிள்ளைக்கு என்ன கஷ்டமோ" என்றாராம். தாதாவுக்கு அம்மா மேலும் கோபம்.

பதினைந்து வருஷம் கழித்து அந்த அம்மா பக்கவாதத்தில் விழுந்தார். தாதா அப்போது வேறு டிவிஷனில், ரயிலில் ஒரு ராத்திரி தூரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் பக்கத்தில் மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தார். ரயில்வேயில் சொந்த விருப்பத்தில் இப்படி மாறுகிறவர்களுக்குச் சீனியாரிட்டி போய்விடும் என்பது நம் வாசகர்களில் பலருக்குத் தெரியும். புது இடத்தில் கடைசி ஆளாகச் சேர வேண்டும். தனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் தனக்கு முன்னால் பிரமோஷன் வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

தாதா அதையும் ஏற்றுக்கொண்டு மாறினார். விடைபெறுகிற அன்று பழைய ஆபீசில் ஒரு நண்பர் சிரித்துக்கொண்டே, "கட்சி மாறிவிட்டாயே!" என்றாராம்.

"வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் ரயிலில் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது. அம்மா சொன்னதும் ஞாபகம் வந்தது. அன்று முதல் நோட்டில் பெயர் எழுதும்போது, போகிறவனை நான் திட்டுவதில்லை. ஏன் போகிறான் என்று மட்டும் விசாரிப்பேன். அதனால்தான் என் ஊகம் பலிக்கிறது" என்றார் தாதா.

இன்றைய தல்பதல்

காலம் மாறிவிட்டது. 1985-ல் கிருஷாணு தே, விகாஷ் பாஞ்சி என்ற இரட்டையர் மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போனபோது ஊர் கொந்தளித்தது. வெளிநாட்டவரைச் சேர்ப்பதில்லை என்று நூறு வருஷம் இருந்த மோகன் பகான், 1991-ல் நைஜீரியாவின் சீமா ஒகோரியைச் சேர்த்துக்கொண்டது. அவரும் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடியவர்தான்! பிறகு தேசிய லீக் வந்தது, ஒப்பந்தங்கள் வந்தன. 2020-ல் இரு கிளப்புகளும் ஐ.எஸ்.எல். போட்டிக்குள் நுழைந்தன, 2024-ல் முகமதனும் வந்தது. சுட்டர்கின் தெருவில் பழைய கூட்டம் இல்லை. கதவு திறக்கிற காரும் இல்லை.

ஆனால் சண்டை ஓயவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. 2024-ல் அன்வர் அலி என்ற தடுப்பாட்டக்காரர் மோகன் பகானோடு இருந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் கமிட்டி அவருக்கு நான்கு மாதத் தடை போட்டது. மோகன் பகானுக்கு 12 கோடியே 90 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்றது. விவகாரம் டில்லி ஐகோர்ட்டுக்குப் போயிற்று. உத்தரவு வாபஸ் ஆகி, அவர் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடினார். அந்த மாதம் எங்கள் டீக்கடையில் பேசியவர்களைக் கேட்டிருந்தால், எல்லோரும் வக்கீலுக்குப் படித்தவர்கள் என்றே நினைத்திருப்பீர்கள்!

தொகை கோடியில் போனதால் "பாவம், தங்கை கல்யாணம்" என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஆட்டக்காரரின் தொழில் ஆயுள் அன்றும் பத்துப் பதினைந்து வருஷம்தான், இன்றும் அவ்வளவுதான். முழங்காலில் ஒரு அடி பட்டால் அதுவும் இல்லை. ரசிகர் எழுபது வயதிலும் ரசிகர். ஆட்டக்காரர் முப்பத்தைந்து வயதில் பழைய ஆட்டக்காரர். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டுத்தான் நாம் விசுவாசம் பேசுகிறோம்.

கடைசிப் பக்கம்

போன மாதம் தாதாவைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். நோட்டை எடுத்துக் காட்டினார். புரட்டிக்கொண்டே வந்தவர், கடைசிப் பக்கத்தைச் சட்டென்று மூடினார். விடவில்லை நான். பார்த்தால், அதில் என் பெயர்!

ஊரில் என் அம்மா தனியாக இருக்கிறார். தென்னக ரயில்வேக்கு மாற்றல் கேட்டு நான் எழுதிய மனு இரண்டு வருஷமாக என் மேஜை டிராயரிலேயே இருக்கிறது. கொடுத்தால் பன்னிரண்டு வருஷ சீனியாரிட்டி போகும். கொடுக்காவிட்டால் அம்மா தனி. இது செக்ஷனில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். ஆறு பேர் "போவான்" என்று எழுதியிருந்தார்கள். மூன்று பேர் "போகமாட்டான்". தாதாவின் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"ஏன் தாதா, நீங்கள் எழுதவில்லை?" என்று கேட்டேன்.

"உன் பெண் எந்தக் கிளப்?" என்றார்.

"மோகன் பகான். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அதுதானாம்" என்றேன்.

"அதைக் கேட்டால் போகமாட்டாய் என்று எழுத வேண்டும். உன் அம்மாவை நினைத்தால் போவாய் என்று எழுத வேண்டும். ஐம்பது வருஷத்தில் நான் காலியாக விட்ட கட்டம் இது ஒன்றுதான். எதைச் செய்தாலும் உன்னை யாரும் திட்டமாட்டார்கள், தம்பி. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பிறகு, "உன் பெண் மோகன் பகானில் சேர்ந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை!" என்று சிரித்தார்.

வெளி மாநிலத்தில் பிழைக்கிற நம் ஒவ்வொருவருக்கும் எங்கோ ஒரு டிராயரில் இப்படி ஒரு மனு இருக்கிறது. அடுத்த தடவை டீக்கடையில் யாராவது ஓர் ஆட்டக்காரரைத் "துரோகி" என்று சொன்னால், நான் ஒரு கேள்வி கேட்பதாக இருக்கிறேன்.

"அவர் வீட்டில் விசாரித்தீர்களா?"